மெனோன் எழுப்பிய தடையும் பிளேட்டோ கூறிய விடையும்

மெய்ப்பொருள் இன்னதென ஆராயப் புகுவார்க்கு எல்லாவற்றிற்கும் முற்பட எழுவதோர் ஐயம் உண்டு. தேடப்படும் பொருள் தேடுவானுக்கு முன்னரே தெரிந்ததாயின் தேடுதல் வீண். தெரியாததாயின் எதனைத் தேடுவது என்பதே அவனுக்குப் புலனாகாது. ஒருகால் அது தற்செயலாய் எதிர்ப்படினும், தான் தேடியது அதுவே எனத் துணிதற்கு அவனிடத்து வழியில்லை. ஆகவே ஆராய்ச்சி என்பதொன்று நிகழ்தலே கூடாது என்பது அவ்வையத்தின் முடிபு. இதனை வெறுஞ் சொற்சாலம் என்று இகழ்ந்தொதுக்குதல் எளிது. ஒதுக்குவதனால் அது தன் வலியை இழந்துவிடாது. அறிவு எங்ஙனம் பிறக்கின்றது என்னும் வினாவிற்கு விடை கூறாமல் எந்தக் கொள்கையும் தன்னை நிலைநாட்ட மாட்டாதாகலின், இத்தடை மெய்ந்நூல் ஆராய்ச்சியின் வாயிலிலேயே நின்று மறிப்பதாயிற்று.

கிரேக்க நாட்டில் இதனை எழுத்தில் அமைத்து விடையும் கூற முயன்றவர் பிளேட்டோ. கி. மு. நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய உரையாடல்களுள் ‘மெனோன்’ என்பது ஒன்று. அளவிற் சிறியதே யெனினும், உயிரின் இயல்பு, அறிவின் பிறப்பு, ஆராயும் முறை என்னும் மூன்றும் ஒருங்கு பின்னிக் கிடக்கும் நூல் இது. இதன்கண் வருவோர் நால்வர். ஆசிரியரான சாக்ரட்டீஸ், தெஸ்ஸலி நாட்டினின்றும் வந்தவனும், கோர்கியாஸ் என்னும் சொல்வன்மையாளரின் பயிற்சி பெற்றவனுமாகிய மெனோன் என்னும் இளைஞன், அவன் வீட்டிற் பிறந்து வளர்ந்த ஓர் அடிமைச் சிறுவன், ஏதென்ஸ் நகரத்துச் செல்வாக்கு மிக்க ஆனிட்டஸ் என்பவன். இந்நால்வருள் மூவர் சாக்ரட்டீஸின் வினாக்களை எவ்வாறு ஏற்றனர் என்பதிலேயே நூலின் பயன் முழுதும் அடங்கியுள்ளது.

மாந்தர்க்குரிய மாண்பு கற்பிக்கப்படுவதா, பழக்கத்தால் வருவதா, பிறவியிலேயே அமைவதா என்று மெனோன் வினவுகின்றான். மாண்பு இன்னதென்றே தமக்குத் தெரியாதபோது, அது எத்தன்மைத்து என்று எங்ஙனம் கூறுவது என்று சாக்ரட்டீஸ் அவ்வினாவையே திருப்பி விடுகின்றார். மெனோனோ தயங்காமல், ஆடவர்க்கு ஒரு மாண்பு, பெண்டிர்க்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று, முதியோர்க்கு ஒன்று என அடுக்குகின்றான். ஒன்றைக் கேட்டதற்குத் தேனீக்களின் கூட்டமே வந்ததென்று சாக்ரட்டீஸ் நகைக்கின்றார். பல தேனீக்களையும் தேனீ எனச் சொல்லுதற்குக் காரணமான ஓரியல்பு இருத்தல் போலப் பல மாண்புகளுக்கும் பொதுவாய் நிற்கும் ஓரியல்பே அவர் வேண்டியது. பின்னர் மெனோன், மக்களை ஆளும் ஆற்றலே மாண்பு என்கின்றான். அது சிறுவர்க்கும் அடிமைக்கும் பொருந்தாமையால் வீழ்கின்றது. நல்லனவற்றை விரும்பி அடையும் ஆற்றல் என்கின்றான். நீதியோடு கூடி அடைந்தாலன்றி அது மாண்பாகாது, நீதியோ மாண்பின் ஓர் உறுப்பு, உறுப்பைக் கொண்டு முழுப்பொருளை விளக்குதல் குற்றமாம் என்று அதுவும் வீழ்கின்றது.

இங்ஙனம் தான் கூறியன யாவும் மறுக்கப்பட்டபின்னரே மெனோன் மேற்கூறிய தடையை எழுப்புகின்றான் என்பது கருதத்தக்கது. தீண்டினாரை மரத்துப்போகச் செய்யும் கடல்மீனைப் போலச் சாக்ரட்டீஸ் தன் உள்ளத்தையும் நாவையும் மரக்கச் செய்துவிட்டார் என்று அவன் முதலிற் குறை கூறுகின்றான். வேற்றூரில் இவ்வாறு நடந்துகொண்டால் மாயவித்தைக்காரர் எனப் பிடிபடுவார் என்றும் சொல்லுகின்றான். அதன்பின் தடையை எடுத்து முன்னே வைக்கின்றான். எனவே அது அறிவு வேட்கையிற் பிறந்த ஐயமன்று. தோல்வியுற்றவன் கையிலெடுத்த கேடயமே யாம். ஆயினும், கூறுவானுடைய நோக்கம் குற்றமுடையது என்பதனால் கூற்றும் குற்றமுடையதாகி விடாது. பிளேட்டோ அதனை மதித்து விடை கூறப் புகுந்தமை அவருடைய நடுவுநிலைமையைக் காட்டும்.

அவ்விடைதான் யாது? உயிர் அழிவற்றது, பன்முறை பிறந்து இவ்வுலகிலும் மறுவுலகிலும் உள்ள அனைத்தையும் கண்டறிந்தது, இயற்கை முழுதும் ஒன்றற்கொன்று உறவுடையதாகலின், ஒன்றை நினைவுகூர்ந்த உயிர் சோர்வின்றி முயலுமாயின் ஏனையவற்றையும் தானே கண்டுகொள்ளும், ஆதலால் கற்றல் எனப்படுவது நினைவுகூர்தலே என்பது அவ்விடை. இதனைச் சாக்ரட்டீஸ் தம் கூற்றாகக் கொள்ளாது, சமயக்குருமார்களும் புலவர்களும் சொல்லக் கேட்டதாகவே முன்வைக்கின்றார். மெனோன் சான்று வேண்டவே, அவனுடைய அடிமைச் சிறுவனை அழைத்து ஒரு சோதனை நிகழ்த்துகின்றார்.

பக்கம் 2 அடி அளவுள்ள சதுரம் ஒன்று வரையப்படுகின்றது. அதன் பரப்பு 4 சதுர அடி. இதனின் இருமடங்கு, அஃதாவது 8 சதுர அடி பரப்புடைய சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்பது வினா. கணிதம் கல்லாத அச்சிறுவன், பரப்பு இருமடங்காயின் பக்கமும் இருமடங்கு என்று கருதி 4 அடி என்கின்றான். வரைந்து பார்த்தபோது பரப்பு 16 ஆகின்றது. பின்னர் 3 அடி என்கின்றான். பரப்பு 9 ஆகின்றது. இப்போது அவன் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புகின்றான். அதன்பின் சாக்ரட்டீஸ் 2 அடிச் சதுரங்கள் நான்கினை ஒருங்கு சேர்த்து, ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் இருபாதியாக்கிக் காட்டுகின்றார். நான்கு பாதிகள் சேர்ந்து நடுவே ஒரு சதுரமாக நிற்றலையும், அதன் பரப்பு 8 ஆதலையும் சிறுவன் எண்ணிக் கண்டு, முதற்சதுரத்தின் மூலைவிட்டமே வேண்டிய பக்கம் என்று துணிகின்றான்.

ஈண்டு நுட்பமொன்று உண்டு. அம்மூலைவிட்டத்தின் நீளத்தை முழு எண்களாலும் அவற்றின் பின்னங்களாலும் கூறுதல் ஒருவாற்றானும் இயலாது. அதனாற்போலும், எண்ணிச் சொல்ல விருப்பமில்லையாயின் எந்தக் கோடு என்று சுட்டிக் காட்டினாற் போதும் என்று சாக்ரட்டீஸ் சிறுவனுக்கு இடங்கொடுக்கின்றார். எண்ணிச் சொல்ல முடியாத ஒன்றையும் ஐயமறக் காட்ட முடியும் என்பது இதனாற் பெறப்படும். ஆதலின், பிளேட்டோ எடுத்துக்கொண்ட இவ்வெடுத்துக்காட்டு எளியதேயெனினும் ஆழமுடையது.

இனி, இவ்விடையின்மேல் நிகழ்த்தப்படும் தடைகள் மூன்று.

முதலாவது, சிறுவன் தானே ஒன்றும் கண்டிலன். சாக்ரட்டீஸ் வினா என்னும் போர்வையிற் கற்பித்தார். அவன் ஆமென்று தலையசைத்தான் என்பது. இதில் ஒருபகுதி உண்மை. மூலைவிட்டத்தை வரைந்தவர் சாக்ரட்டீஸே யாவர். ஆயினும் தலையசைத்தல் ஒன்றே சிறுவன் செய்ததாயின், 4 அடி என்றும் 3 அடி என்றும் பிழைபட்டிருத்தல் யாங்ஙனம்? அப்பிழைகள் அவனுடையன. அவற்றைப் பிழையென்று கண்டதும் அவனே. பாதியின் இருமடங்கு முழுமை என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு அவன் நம்பவில்லை. உருவத்தை நோக்கித் தானே கண்டான். ஆகலின் சோதனை காட்டுவது இவ்வளவே: தேடவேண்டிய இடத்தைப் பிறர் சுட்டலாம், கண்டது உண்மையென்று துணிதலோ கற்பான் ஒருவனுக்கே உரியது. மெனோன் எழுப்பிய தடையில் இரு கூறுகள் உள. எங்கே தேடுவது என்பது ஒன்று. கண்டதை எங்ஙனம் துணிவது என்பது மற்றொன்று. பின்னதற்கு இச்சோதனை விடையாகும், முன்னதற்கு ஆகாது.

இரண்டாவது, உயிர் முற்பிறவியிற் கற்றதை இப்பிறவியில் நினைவுகூர்கின்றது என்றால், அப்பிறவியில் அது எங்ஙனம் கற்றது என்பது. அங்கும் நினைவுகூர்ந்ததே எனின், அதற்கு முன்னொரு பிறவி வேண்டப்பட்டு வரம்பின்றி ஓடும். அங்கே புதிதாய்க் கற்றது எனின், அறியாததை அறிதல் கூடும் என்பது ஒப்பப்பட்டதாகி நினைவுகூர்தற் கொள்கையே வேண்டாததாம். இதனைத் தவிர்த்தற்குப் போலும், எக்காலத்தும் உயிர் கற்ற நிலையிலேயே உள்ளது என்று சாக்ரட்டீஸ் பின்னொரு சொல் சேர்க்கின்றார். அங்ஙனமாயின் அது கற்றலுமன்று, நினைவுமன்று. உயிரோடு என்றும் உடனிருப்பதோர் இயல்பாய் முடியும். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் கி. பி. 1686-இல் எழுதிய மெய்ந்நூற் கட்டுரையில் இச்சோதனையைப் பாராட்டி, முற்பிறவி பற்றிய கூற்றை மட்டும் களைந்து கொள்ளுமாறு கூறியதும் இக்கருத்தே பற்றியாம்.

மூன்றாவது, கோட்டின் நீளத்திற்குப் பொருந்திய முறை மாண்பிற்கும் பொருந்துமோ என்பது. சதுரத்தை வரைந்து கண்ணாற் கண்டு பிழையைத் திருத்தலாம். நீதியையும் அடக்கத்தையும் வரைந்து காட்டுதல் கூடாது. இவ்வேற்றுமையைப் பிளேட்டோ இந்நூலில் விளங்கக் கூறிற்றிலர்; இது நூலின் குறையேயாம்.

இத்தடைகளால் பிளேட்டோவின் விடை முற்றும் வீழ்ந்ததோ எனின், அன்று, என்னை? மெனோனின் தடை, அறிதல் அறியாமை என இரண்டே நிலைகளைக் கொண்டு, இடையில் வேறொன்றும் இல்லை என்று கருதியதனால் எழுந்தது. அவ்விரண்டிற்கும் நடுவே கருத்து என்பதொரு நிலை உண்டு. பக்கம் 4 அடி என்ற சிறுவன் கூறியது பிழையே. ஆயினும் எந்தக் கோட்டைப்பற்றி வினவப்பட்டதோ அதனைப் பற்றியே அவன் பிழைபட்டான். பிழையான கருத்தும் பொருளை நோக்கியே நிற்கின்றது. தேடுதற்கு அத்துணையே போதுமன்றோ? முழுதும் அறிந்தவன் தேடான். ஒரு கருத்தும் இல்லாதவன் தேட மாட்டான். கருத்துடையனாய், அக்கருத்து அறிவன்று என்பதையும் உணர்ந்தவனே தேடுவான். தெரியவில்லை என்று சிறுவன் ஒப்பியது அறிவின் இன்மையன்று. அதுவே அறிவின் முதற்படி.

தடையை அறுக்கும் உண்மையான விடை இதுவே. இதனைப் பிளேட்டோ நூலின் முற்பகுதியில் விடையென்று எடுத்துக் கூறாது, இறுதியில் வேறொரு காரணம் பற்றிக் கூறுகின்றார். லாரிசா நகருக்கு வழி அறிந்தவனும், அறியாதிருந்தும் சரியாகக் கருதினவனும் ஒருங்கே வழிகாட்ட வல்லர். ஆயின் இருவர்க்கும் வேற்றுமை யாது என்று அங்கே வினவப்படுகின்றது. டெடலஸ் என்னும் சிற்பியின் படிமங்கள் கட்டி வைக்காவிடின் ஓடிப்போகும் என்பது கிரேக்கர் வழக்கு. மெய்க்கருத்துக்களும் அத்தகையனவே, காரணத்தை ஆராய்ந்து அதனாற் பிணித்த பின்னரே அவை நிலைபெற்று அறிவாகின்றன. அப்பிணிப்பே நினைவுகூர்தல் என்றும் சாக்ரட்டீஸ் அங்கே கூறுகின்றார். சிறுவனுடைய கருத்துக்கள் அப்போது கனவுபோல் எழுந்தனவே யென்றும், பலமுறை பலவாறாக வினவப்படின் அவன் யாரினும் குறையாத அறிவெய்துவான் என்றும் அவர் முன்னரே கூறியிருத்தலும் காண்க. எனவே, சோதனையை நினைவுகூர்தலின் முழுவடிவெனக் கொண்டு மறுப்பாரும், அங்ஙனமே கொண்டு போற்றுவாரும் நூலை ஊன்றிப் பயின்றிலர் என்க.

அற்றேல், முறை ஒன்றே போதும். உயிரைப் பற்றிய கொள்கை எற்றுக்கு எனின், கூறுதும் என்று பிளேட்டோவின் சார்பில் நிற்பார்க்கு விடை உண்டு. வினவி மறுக்கும் முறை, ஒருவனுடைய இரண்டு கருத்துக்கள் தம்முள் முரணுவதை மட்டுமே காட்டும். இரண்டனுள் எது விடத்தக்கது என்று அம்முறை தானே கூறாது. ஆயினும் மீண்டும் மீண்டும் ஆராயுந்தோறும் பொய்யானது கழிந்து மெய்யானது நிலைக்கும் என்ற நம்பிக்கையோடன்றோ சாக்ரட்டீஸ் வாழ்நாள் முழுதும் வினவினார்? அந்நம்பிக்கைக்கு நிலைக்களம் வேண்டும். உயிர்க்கும் உண்மைக்கும் இயல்பாகவே உறவு உண்டு என்பதே அந்நிலைக்களம். முற்பிறவிக் கதை அதன் உடை. உறவு என்பதே உடல். மேலே கூறிய இரண்டாம் தடை உடையைக் கிழிக்குமேயன்றி உடலை ஊறுபடுத்தாது. சாக்ரட்டீஸும், தாம் கூறியவற்றுள் ஏனையவற்றைப் பெரிதும் வற்புறுத்தாமல், அறியாததைத் தேடவேண்டும் என்று எண்ணுதல் மாந்தரைச் சிறந்தோரும் அஞ்சாதோரும் மடியிலோரும் ஆக்கும் என்னும் ஒன்றிற்காகவே சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்று துணிந்துரைக்கின்றார்.

பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டாட்டல் (கி. மு. 384–322) தம் தருக்க நூல்களுள் மெய்யறிவின் நிரூபணத்தைப் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே மெனோனின் தடையைப் பெயர் சுட்டி எடுத்துக்கொள்கின்றார். கற்றல் கற்பித்தல் அனைத்தும் முன்னமைந்த அறிவினின்றே எழுகின்றன என்பது அவர் மேற்கோள். எல்லா முக்கோணத்தின் கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணத்திற்குச் சமம் என அறிந்தவன், இதுகாறும் கண்டிராத ஒரு முக்கோணத்தைப் பொதுவகையால் அறிந்தவனே, சிறப்புவகையால் அறியாதவன். ஒருவகையால் அறிந்ததை மற்றொருவகையால் அறியாதிருத்தல் முரணன்று. ஆகவே தடை நீங்கிற்று என்பர் அவர்.

இவ்விடை தெளிவுடையதே; ஆயினும் பொதுவுண்மையை முன்னரே பெற்றவனுக்கே இது பொருந்தும். அப்பொதுவுண்மை வந்தது எங்ஙனம்? அதற்கு விடையை அந்நூலின் இறுதியில் வைத்தார். புலக்காட்சியினின்று நினைவும், நினைவு பலவினின்று அனுபவமும், அனுபவத்தினின்று பொதுவுண்மையும் பிறக்கின்றன. போரில் முதுகிட்டு ஓடும் படையில் ஒருவன் நிற்க, மற்றொருவன் நிற்க, இறுதியிற் படை முழுதும் மீண்டும் அணிவகுத்து நிற்றல் போல என்பது அவர் உவமை. அறிவு உயிரினுள்ளே நிறைந்திருக்க, அதனை உயிர் உணராதிருந்தது என்றல் பொருந்தாது எனப் பிளேட்டோவின் கொள்கையை ஒதுக்கினாராயினும், இவ்வாறு நிகழ்தற்கு ஏற்ற இயல்பு உயிர்க்கு உண்டு என்று அவரும் கூறவேண்டியவரானார். உடைமை என்று பிளேட்டோ கூறியதை ஆற்றல் என்று அவர் மாற்றினார். உயிரின் இயல்பைச் சாராமல் அறிவின் பிறப்பை விளக்குதல் அவர்க்கும் இயன்றிலது.

இருவர் விடையையும் ஒப்பு நோக்கின், ஒருவர் குறை மற்றவரால் நிறைவுறுதல் புலனாம். சிறுவன் கண்ணாற் கண்ட வரைபடம் இன்றேல் சோதனையே நடந்திராது. புலக்காட்சியின் அவ்வுதவியைப் பிளேட்டோ பாராட்டிற்றிலர், அரிஸ்டாட்டல் உரிய இடம் கொடுத்தார். பொதுவுண்மை என்று எண்ணித் தவறான ஒன்றைப் பற்றிக்கொண்டவன் அதனினின்று விடுபடுவது எவ்வாறு என்பதை அரிஸ்டாட்டல் அவ்விடத்து ஆராய்ந்திலர். பிளேட்டோவோ அதனையே கண்முன் நிகழ்த்திக் காட்டினார்.

நூலின் பிற்பகுதியிற் குறைகள் மிகுதி. மாண்பு இன்னதென்று முதலில் ஆராயவேண்டும் என்ற சாக்ரட்டீஸின் சொல்லை ஏலாது, மெனோன் தன் முதல் வினாவிற்கே மீளுகின்றான். சாக்ரட்டீஸும் இணங்கி, கணித நூலார் போல ஒன்றைக் கருதிக்கொண்டு ஆராயும் முறையை மேற்கொள்ளுகின்றார். மாண்பு அறிவாயின் கற்பிக்கப்படும் என்பது கருதுகோள். செல்வமும் வலிமையும் அறிவோடு கூடியவழியே நன்மை பயத்தலின் மாண்பும் அறிவே என்று முதலில் முடிவாகின்றது. பின்னர், பெரிக்கிளிஸ் போன்ற பெருமக்களும் தம் மைந்தர்க்கு மாண்பைக் கற்பிக்க இயலாமையால் அதற்கு ஆசிரியர் இல்லை. ஆகவே அது கற்பிக்கப்படுவதன்று. ஆகவே அறிவுமன்று என முடிவு மாறுகின்றது. ஆசிரியர் இதுகாறும் காணப்படவில்லை என்பது ஆசிரியர் இருத்தல் கூடாது என்பதற்கு ஏதுவாகாது. இறுதியில், மாண்பு தெய்வத்தின் அருளாற் கிட்டுவது போலும் என்று கூறி, அது இன்னதென ஆராய்ந்தாலன்றி உண்மை புலனாகாது என நூல் முடிகின்றது. தொடங்கிய வினா விடையின்றியே நிற்கின்றது.

ஆயினும் நூல் பயனின்றி முடிந்ததன்று. வினவப்பட்டோர் மூவரை நோக்குக. அடிமைச் சிறுவன் தெரியவில்லை என்று நாணாது ஒப்பினான். மூவருள் அவன் ஒருவனே ஒன்றைக் கற்றான். அவன் பெயரையேனும் அவன் நிலையையேனும் நூல் அதற்குமேல் எண்ணிப் பார்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது. மாண்பைப் பற்றிப் பேரவைகளிற் பலமுறை பேசிய மெனோன் தன் அறியாமையைத் தாங்கமாட்டாமல் தடையின் பின்னே ஒளிந்தான். கி. மு. 401-இல் பாரசீக இளவரசன் சைரஸின் படையில் ஒரு தலைவனாய்ச் சென்று மடிந்த அவனை, பொருட்பற்றும் வஞ்சகமும் மிக்கவன் என்று உடன்சென்ற செனபோன் தம் வரலாற்று நூலிற் குறித்தார். ஆனிட்டஸோ வினாவையே வெறுத்தான். நகரத்துப் பெரியோரை இகழ்தல் தீங்கு தரும் என்று சாக்ரட்டீஸை எச்சரித்துச் சினந்து அமைந்தான். கி. மு. 399-இல் சாக்ரட்டீஸின்மேல் வழக்குத் தொடுத்த மூவருள் அவனும் ஒருவன். அவ்வழக்கின் முடிவில் அவர் நஞ்சுண்டு இறந்தார்.

தன் அறியாமையை ஒப்புவான் கற்பான். அதனை மறைப்பான் ஆராய்ச்சியே கூடாது என்று வாதிப்பான். அதனைக் காட்டுவாரை வெறுப்பான் அவரை அழிக்கவும் துணிவான். மெனோன் எழுப்பிய தடை தருக்கத்தில் மட்டும் தீர்க்கப்படுவதன்று, உள்ளத்திலும் தீர்க்கப்படவேண்டுவது. நினைவுகூர்தற் கொள்கையை ஒப்பாதாரும் இந்நூலைப் பயிலவேண்டுவது இதுபற்றியே என்க.